முழங்காலில் ஊசி: எட்டு வாரத்து நோட்டுக் கணக்கு

என் வலது முழங்காலில் இருந்தது ஒரு வலி அல்ல, நாலு வலி. உடம்பில் மெல்லிய ஊசிகளைக் குத்திச் செய்யும் அக்குபஞ்சர் சிகிச்சைக்குப் போன பிறகுதான் இது எனக்கே தெரிந்தது. முதல் நாள் அக்குபஞ்சர் செய்பவர் நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். பிறகு, "எப்பெல்லாம் வலிக்குது?" என்று கேட்டார். "எப்பவும்தான்" என்றேன். "எப்பவும்னு ஒண்ணு கிடையாதுங்க, யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

யோசித்தேன். ராத்திரி படுத்த பிறகு மந்தமாக ஒரு குடைச்சல். காலையில் எழுந்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் விறைப்பு. படி இறங்கும்போது முழங்கால் சிப்பிக்கு அடியில் சுருக். தரையில் உட்கார்ந்து எழும்போது உள்பக்கத்தில் கத்தி சொருகியது போல ஒன்று. நான்கையும் ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுதி, தினமும் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போடச் சொன்னார். அந்த நோட்டை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். இல்லாவிட்டால் "நல்லா இருந்துச்சு" என்பதைத் தாண்டி எனக்கு எதுவும் சொல்லத் தெரிந்திருக்காது.

ஊசி வரைக்கும் போனதற்குக் காரணம் வயிறு. எக்ஸ்ரேயில் மூட்டுத் தேய்மானம் மூன்றாம் நிலை என்று வந்தது (மொத்தம் நான்கு நிலை). அறுவைச் சிகிச்சைக்கு இன்னும் காலம் இருக்கிறது என்றார் எலும்பு மருத்துவர். வலி மாத்திரையோ நாலு நாள் போட்டால் நெஞ்செரிச்சலில் கொண்டுபோய் விட்டது.

சரி, ஊசி வலிக்குமா? எல்லோரும் கேட்பது இதைத்தான். கால் மில்லிமீட்டர் தடிமன், வளைத்தால் வளையும். ரத்தம் எடுக்கும் ஊசியை மனதில் வைத்துக்கொண்டு பயப்பட வேண்டாம். நுழையும்போது கொசுக்கடி அளவுகூட இல்லை. அதன் பிறகு அவர் ஊசியை லேசாகத் திருகும்போது வருவதுதான் வேறு மாதிரி: உள்ளே கனமாக, மரத்தது போல, சில சமயம் கணுக்கால் வரை ஓடுகிற ஒரு இழுப்பு. சீனத்தில் இதற்கு 'தே ச்சி' என்று பெயராம். அது வந்தால் தலையை ஆட்டச் சொல்வார். நான் ஆட்டியதும் அவர் முகத்தில் ஒரு திருப்தி தெரியும்.

முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்து, பாதி மடக்கிய நிலையில் படுக்க வேண்டும். சிப்பிக்குக் கீழே இரண்டு பக்கமும் குழி விழுகிறதே, அங்கே ஒவ்வொரு ஊசி. இந்தக் குழிகளுக்கு 'முழங்கால் கண்கள்' என்று பெயர். வெளிப்பக்கத்துக் குழிக்குத் தனியாகக் 'கன்றின் மூக்கு' என்றும் ஒரு பெயர் உண்டு. வீட்டுக்கு வந்து காலை மடக்கிப் பார்த்தேன், மூக்கேதான். அதற்குக் கீழே நான்கு விரல் அகலம் தள்ளி ஒன்று, தொடையில் இரண்டு, காலின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒவ்வொன்று. அப்புறம் இரண்டு ஊசிகளில் கிளிப் மாட்டி மெல்லிய மின்சாரம் விடுவார். தசை தானாகத் துடிக்கும். இதற்காகத்தான் பேஸ்மேக்கர் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டார். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்றும் கேட்டார். இதையெல்லாம் கேட்காமலே ஊசியை எடுக்கிறவரிடம் நான் போக மாட்டேன். புது ஊசியின் உறையைக் கண் முன்னால் பிரிக்காதவரிடமும் அப்படித்தான்.

வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் இருபத்தைந்து நிமிடம். முதல் நான்கு தடவையில் நோட்டில் ஒரு மாற்றமும் இல்லை. மூன்றாவது தடவைக்கு மறுநாள் வலி கூடவே செய்தது. ஆறாவது தடவை வெறும் வயிற்றோடு அவசரமாகப் போய்ப் படுத்துவிட்டேன். ஊசி குத்திய இரண்டாவது நிமிடம் வியர்த்து, காது அடைத்து, கண் இருட்டியது. உடனே எல்லாவற்றையும் உருவிவிட்டுக் காலைத் தூக்கி வைத்தார். பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. தப்பு என்னுடையது. சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லியிருந்தார்.

மூன்றாவது வாரக் கடைசியில்தான் ராத்திரிக் குடைச்சல் இறங்கியது. 6 என்று இருந்தது 2 ஆனது. எட்டு வாரம் முடிந்தபோது காலை விறைப்பு பாதி. படி இறங்கும் வலி 7இலிருந்து 5. தரையில் உட்கார்ந்து எழும் வலி முதல் நாளும் 8, கடைசி நாளும் 8. மடக்கும்போது கேட்கும் நறநற சத்தமும் அப்படியே. தேய்ந்த குருத்தெலும்பு ஊசியால் வளரும் என்று அவரும் சொல்லவில்லை.

"மனப்பிராந்திம்மா" என்றான் மகன். கோபம் வந்தது, ஆனாலும் தேடிப் படித்தேன். ஜெர்மனியில் சுமார் ஆயிரம் பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2006இல் வெளியானது. முறையான புள்ளிகளில் ஊசி போட்டவர்களில் 53 சதவீதம் பேருக்குப் பலன். சம்பந்தமில்லாத இடங்களில் மேலாகக் குத்தியவர்களில் 51. ஊசியே இல்லாமல் மருத்துவரை மட்டும் பார்த்து வந்தவர்களில் 29. மகனும் ஜெயித்தான், நானும் ஜெயித்தேன். வழிகாட்டுதல்களிலும் இதே இழுபறிதான்: அமெரிக்க வாதநோய் மருத்துவர் கழகம் 2019இல் நிபந்தனையோடு பரிந்துரைக்கிறது, பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022இல் வேண்டாம் என்கிறது. கன்றின் மூக்கில் குத்தியதா வேலை செய்தது, குத்தியதே வேலை செய்ததா என்று எனக்குத் தெரியவில்லை. ராத்திரி தூக்கம் வந்தது என்பது மட்டும் தெரியும்.

தூக்கம் வந்த பிறகுதான் பிசியோதெரபிஸ்ட் சொன்ன தொடைப் பயிற்சியை ஒழுங்காகச் செய்ய ஆரம்பித்தேன். படி வலி 5இலிருந்து 3க்கு வந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன். ஊசி இப்போது மாதம் ஒரு முறை. தரையில் உட்காருவதை விட்டுவிட்டேன். நோட்டில் அந்த நாலாவது கட்டம் மட்டும் காலியாகக் கிடக்கிறது.