ஓதம் அடித்த சுவரும் ஒழுகிய வாஷிங் மெஷினும்

படுக்கையறைச் சுவரில் தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்கு பெயிண்ட் கொப்புளித்திருந்தது. விரலால் தொட்டாலே பட்டி உதிரும், உள்ளே வெள்ளையாக உப்பு பூத்திருக்கும். போன வருடம்தான் அதே இடத்தைச் சுரண்டி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்திருந்தோம். இந்த முறை பார்க்க வந்த பெயிண்டர், “டாம்ப் ப்ரூஃப் ஒரு கோட் அடிச்சிட்டா அடுத்த வருஷம் வரைக்கும் கவலையில்ல சார்” என்றார். அந்த ‘அடுத்த வருஷம் வரைக்கும்’தான் எனக்கு உறுத்தியது. சுவருக்குள் தண்ணீர் வருகிற வழி திறந்திருக்கும்போது மேலே எதைப் பூசினாலும், கொஞ்ச நாளில் அந்தப் பூச்சையும் சேர்த்துத் தள்ளிவிடும். அதனால் பெயிண்ட் டப்பாவைத் தொடாமல், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம் என்று இறங்கினேன்.

நடு மே மாதம், ஒரு சொட்டு மழை இல்லை. ஆகவே வெளிச்சுவர் விரிசல், மாடி ஒழுகல் இரண்டையும் ஒதுக்கிவிடலாம். அடுத்து, ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறதா, அறைக் காற்றிலிருந்து படிகிறதா என்று தெரிய வேண்டும். இதற்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. ஒரு சதுர அடி பாலிதீன் தாளை, காற்றுப் புகாமல் நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, 24 முதல் 48 மணி நேரம் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம் நீர் கோத்தால் காற்றின் ஈரம், சுவரை ஒட்டிய பக்கம் கோத்தால் சுவரின் ஈரம். எனக்கு உட்பக்கம்தான் முத்து முத்தாக நின்றது. ஓதம் பரவியிருந்த எல்லையைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்திலேயே தேதியும் எழுதி வைத்தேன். அந்தக் கோடு பின்னால் ரொம்பவே கைகொடுத்தது.

அது நாலரை இன்ச் சுவர். அதன் மறுபக்கம் துணி துவைக்கும் இடம். குழாய் சுவருக்குள் கசிகிறதோ என்றுதான் முதல் சந்தேகம். சரி, சுவரை உடைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது மனைவி சொன்னாள்: “நேத்து மெஷினே போடலீங்க, ஆனா காலைல பாத்தா அடியில ஈரமா இருக்கு.” மொத்த வேலையிலும் மிக முக்கியமான தகவல் அதுதான்.

அன்றிரவு தரையை நன்றாகத் துடைத்து, மெஷினுக்கு அடியிலும் வடிகால் ஹோஸின் வாயிலும் செய்தித்தாள் விரித்து, மெஷினுக்கு வரும் குழாயை மூடினேன். காலையில் தாள் உலர்ந்தே இருந்தது. மறுநாள் குழாயைத் திறந்துவிட்டு, மெஷின் பிளக்கை மட்டும் பிடுங்கி வைத்தேன். காலையில் ஹோஸ் வாயில் விரித்த தாள் ஊறிக் கிடந்தது. கரண்டே இல்லாதபோது தண்ணீர் உள்ளே இறங்குகிறது என்றால் கோளாறு மெஷினை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டிலோ சென்சாரிலோ இல்லை, தண்ணீரை உள்ளே விடும் இன்லெட் வால்வு சரியாக மூடவில்லை. மாறாக, பிளக்கைப் பிடுங்கியதும் தண்ணீர் நின்றிருந்தால் கரண்ட் பக்கம்தான் தேட வேண்டும். போர்டு மாற்றுவதற்கு யாரிடமும் பணம் கொடுக்கும் முன் இந்தச் சோதனையை அவசியம் செய்து பாருங்கள்.

குழாயை மூடி, பின்பக்க மூடியைக் கழற்றி, ஒயர்கள் இருந்த இடத்தை போனில் படம் எடுத்துக்கொண்டு வால்வைக் கழற்றினேன். வால்வைத் திறக்கும் மின்காந்தக் காயிலை மல்டிமீட்டரில் பார்த்தால் கிட்டத்தட்ட 4 கிலோ ஓம், அது நல்ல நிலைதான். உள்ளே தண்ணீர் வழியை அடைக்கும் ரப்பர் சவ்வு, அதாவது டயஃப்ரம்தான் கெட்டிருந்தது. இந்த வால்வைக் கடைசியில் மூடி வைத்திருப்பது தண்ணீரின் அழுத்தமேதான். டயஃப்ரத்தில் உள்ள ஊசித்துளை வழியாகத் தண்ணீர் அதன் மேல்பக்கம் சேர்ந்து அழுத்தும்போதுதான் ரப்பர் இறுக உட்காரும். எங்கள் போர் தண்ணீரில் உப்பு அதிகம். அந்த ஊசித்துளையில் சுண்ணாம்பு படிந்து, ரப்பர் உட்காரும் விளிம்பிலும் பொருக்கு ஏறியிருந்தது. போதாததற்கு ஓவர்ஹெட் டேங்க் எங்கள் தளத்துக்கு நேர் மேலேயே இருப்பதால் அழுத்தமும் குறைவு. போர் தண்ணீர் ஓடும் வீட்டில் எந்த மெஷினுக்கும் இந்த வால்வும் அதன் வாயில் இருக்கும் சின்ன வலையும்தான் முதல் பலி.

பழைய வால்வைக் கையோடு எடுத்துப்போய், அதே மாதிரி ஒன்று வாங்கி மாட்டினேன். உள்ளே இறங்கிய தண்ணீர் தொட்டியில் நிற்காமல் வெளியே போனதற்கும் காரணம் கிடைத்தது. வடிகால் வால்வின் ரப்பரில் நூலும் பஞ்சும் சுற்றி, அது முழுதாக மூடாமல் இருந்தது. தொட்டியில் தண்ணீர் தேங்கவே இல்லை என்பதால்தான் இத்தனை நாள் யார் கண்ணிலும் படவில்லை. சொட்டிய நீர் தரை ஓரத்தில் நின்று, டைல்ஸுக்கும் சுவருக்கும் நடுவில் கிரவுட் (இடுக்கை அடைக்கும் பூச்சு) போன இடத்தில் இறங்கி, விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் செங்கல் வழியாக மேலே ஏறியிருக்கிறது.

இடுக்கில் இருந்த பழைய கிரவுட்டை ஆக்ஸா பிளேடுத் துண்டால் சுரண்டி எடுத்தேன். தரை டைல்ஸ் இடையில் எபாக்ஸி கிரவுட், தரையும் சுவரும் சேரும் மூலையில் மட்டும் சிலிகான். அந்த மூலை லேசாக அசையும் இடம், கெட்டியான கிரவுட் அங்கே விரிசல் விட்டுவிடும்.

அப்புறம்தான் படுக்கையறைச் சுவர். அதில் சுவிட்ச் பாக்ஸ் இருந்ததால் கரண்டைத் துண்டிக்கும் எம்சிபி சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் கை வைத்தேன். ஈரச் சுவரில் இதை யாரும் விடக்கூடாது. பட்டியைச் சுரண்டி, தட்டினால் பொள்ளல் சத்தம் கேட்ட பூச்சையெல்லாம் செங்கல் வரை எடுத்தேன். உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், கரைந்து மறுபடி உள்ளேயே போய்விடும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, பெருக்கி வெளியே கொட்டுவதுதான் சரி.

காய விடுவதுதான் பொறுமையைச் சோதிக்கும் பகுதி. ஒரு அங்குலச் சுவர் காய ஒரு மாதம் என்று பொதுவாக ஒரு கணக்கு சொல்வார்கள். மறுபக்கம் டைல்ஸ் ஒட்டியிருப்பதால் ஈரம் இந்தப் பக்கம் வழியாக மட்டுமே வெளியேற முடியும். “எப்பதான் பெயிண்ட் அடிப்பீங்க?” என்று வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். மேலே சுரண்டாமல் விட்டிருந்த பகுதியில் பென்சில் கோட்டை விட்டு ஓதம் கீழே இறங்குவதைக் காட்டினேன். கடைசியில் மறுபடி பாலிதீன் தாள் ஒட்டிப் பார்த்து, உட்பக்கம் துளி நீரும் கோக்காத பிறகே கொத்தனாரைக் கூப்பிட்டுச் சிமென்ட் பூச்சு போட்டோம். புதுப் பூச்சுக்கு 28 நாள் விட்டு, ஒயிட் சிமென்ட் பட்டி இரண்டு கை, பிரைமர், மேலே எமல்ஷன் இரண்டு கை. இந்த இடத்தில் அக்ரிலிக் பட்டி வேண்டாம் என்பது என் முடிவு, அது ஈரம் தாங்காது.

பழைய டப்பா மூடியில் ஷேட் எண் இருந்தது. ஆனாலும் ஒட்டுப் போட்ட மாதிரி அந்த இடத்துக்கு மட்டும் அடிக்காமல், ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை முழுச் சுவருக்கும் அடித்தோம். எண் ஒன்றேயானாலும் பழைய பெயிண்டும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். இப்போது துவைத்து முடித்ததும் மெஷின் குழாயை மூடிவிடுகிறோம். வால்வு வலையையும் அவ்வப்போது கழற்றி வினிகரில் ஊறப்போடுகிறேன்.