விசிட்டிங் கன்ட்ரோலரை நேரா சென்டர்ல உட்கார வைக்காதீங்க

விமானம் ஓட்டுறதையும் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டையும் இணையத்துல சிமுலேட் பண்ற வாட்சிம் நெட்வொர்க்ல, ஆள் குறைவா இருக்கிற பிரிவுகளுக்கு வெளியிலிருந்து வர்ற தன்னார்வ கன்ட்ரோலர்கள் பெரிய பலம். ஆனா சி1 ரேட்டிங் (சென்டர்ல, அதாவது பெரிய வான்பரப்பைக் கவனிக்கிற இடத்துல, உட்காரத் தேவையான தகுதி) இருந்தா மட்டும் போதாது, உள்ளூர் நடைமுறை வேற.

ஐரோப்பாவிலிருந்து அமெரிக்க டவருக்கு வர்றவரை எடுத்துக்கோங்க. காற்றழுத்தத்துக்கு ஹெக்டோபாஸ்கல் போய் அங்குலக் கணக்கு: 1013-க்குப் பதில் 29.92. டிரான்சிஷன் ஆல்டிட்யூட் (உள்ளூர் காற்றழுத்தத்தை வெச்சு உயரம் கணக்கிடுற எல்லை) 18,000 அடி. இதெல்லாம் ஒரே நாள்ல பழகிடும். தடுமாற வைக்கிறது லேண்டிங் கிளியரன்ஸ், அதாவது இறங்க அனுமதி கொடுக்கிற முறைதான். அமெரிக்காவில் முன்னால ஒரு விமானம் இறங்கப் போகுதுன்னாலும், "நம்பர் டூ, கிளியர்டு டு லேண்ட்"னு பின்னால வர்றவருக்கு முன்கூட்டியே கொடுத்துடலாம். ரன்வே காலியாகட்டும்னு காத்திருந்து பழகினவர் கடைசி மைல் வரைக்கும் இழுப்பார். அந்த நேரம் வேற யாராவது ரேடியோ ஃப்ரீக்வென்சியைப் பிடிச்சுட்டா, கோ-அரவுண்டுதான் (இறங்காம மறுபடி மேல ஏறணும்).

அடுத்து மென்பொருள். ஐரோப்பாவில் கன்ட்ரோலர்கள் பயன்படுத்துற யூரோஸ்கோப்ல கை பழகினவருக்கு, அமெரிக்கப் பிரிவோட ரேடார் மென்பொருளான சிஆர்சி புதுசு. ஹேண்ட்ஆஃப் (விமானத்தை அடுத்த கன்ட்ரோலர்கிட்ட ஒப்படைக்கிற) கமாண்டுகளை ஸ்வெட்பாக்ஸ்ங்கிற பயிற்சி சர்வர்ல பழகட்டும்.

விமானங்களை எப்படி ஒப்படைக்கணும்னு பக்கத்து கட்டுப்பாட்டுப் பகுதியோட இருக்கிற ஒப்பந்தத்தை முதல்ல படிக்கக் கொடுங்க. 11,000 அடியில் ஒப்படைக்க வேண்டிய விமானத்தை 14,000-ல் தள்ளினா, அப்ரோச்ல (விமான நிலையத்தை நெருங்குற விமானங்களைக் கவனிக்கிற இடத்துல) இருக்கிறவர் உயரம் குறைக்க அதைச் சுத்தவிடணும்.

முதல் சில அமர்வுகள் கூட்டமில்லாத நேரத்துல, உள்ளூர் மென்ட்டர் அப்சர்வரா கூட இருக்கும்போதே நடக்கட்டும்.