மழைக்காலப் பயமும் ஒரு நோட்டுப் புத்தகமும்

கடலூரில் ஐப்பசி, கார்த்திகை பிறந்தாலே என்னிடம் மனநல ஆலோசனைக்கு வருவோரிடம் மழைப் பயம் கூடிவிடுகிறது. 2011 டிசம்பரில் தானே புயலையும் 2015 வெள்ளத்தையும் பார்த்தவர்களின் பயம் நியாயமானது என்பதால், 'தைரியமாக இருங்கள்' என்று மட்டும் சொல்லி அனுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை.

கெடிலக் கரையோரம் வசிக்கும் ஓர் அம்மா (அடையாளங்களை மாற்றியே எழுதுகிறேன்), வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்ற செய்தி கேட்டதும் தூக்கமின்றி, அரை மணிக்கு ஒரு முறை தொலைக்காட்சியைப் போட்டுப் பார்ப்பார்.

1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் உருவாக்கிய சிகிச்சை முறையில், தானாக எழும் எண்ணத்தை எழுதி, அதை எவ்வளவு நம்புகிறோம் என்று நூற்றுக்கு மதிப்பிட்டு, ஆதரவாகவும் எதிராகவும் உள்ள சான்றுகளைக் குறிப்பது முக்கியமான பயிற்சி. அந்த அம்மாவும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் 'இந்த மழையில் வீடே போய்விடும்' என்று எழுதி 90 போட்டார். 2015இல் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது உண்மை. ஆனால் சுவர் நின்றது, அதன்பின் வந்த எத்தனையோ தாழ்வுநிலைகள் தெருவை நனைத்ததோடு போய்விட்டன என்பதையும் அவரே எழுதினார். மறுபடி மதிப்பிட்டபோது 40.

அந்த 40ஐ அழிக்க நாங்கள் முயலவில்லை. அதற்காகத்தான் ரேஷன் அட்டையும் வீட்டுப் பத்திரமும் பிளாஸ்டிக் உறையில் பரண் ஏறின. செய்தி பார்ப்பது காலை, மாலை என இரு வேளையாகக் குறைந்தது. தூக்கம் மெல்லத் திரும்பியது.

இப்படித் தவிப்பவர்கள் அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.