அம்மாவின் படபடப்பு: மலேசியாவின் சுங்கை சிப்புட் நாட்குறிப்பு

மார்ச் 4, 2025, செவ்வாய்

இரவு இரண்டரை மணிக்கு அம்மா என் அறைக் கதவைத் தட்டினார். "நெஞ்சுக்குள்ள எலி ஓடுற மாதிரி இருக்கும்மா." மணிக்கட்டைப் பிடித்தேன். எண்ண முடியவில்லை, அவ்வளவு வேகம். காரில் ஏற்றிக்கொண்டு அவசரப் பிரிவுக்கு ஓடினேன். ஈசிஜி திரையில் துடிப்பு நிமிடத்துக்கு 184.

பணியில் இருந்தவர் சின்ன வயது மலாய் டாக்டர். ஊசி மாட்டாத 10 மில்லி சிரிஞ்சை அம்மாவிடம் கொடுத்து, உள்ளே இருக்கும் தண்டு லேசாக நகரும் அளவுக்கு ஊதச் சொன்னார். "தியுப் ஆன்ட்டி, தியுப்!" 15 நொடி. அம்மாவின் கழுத்து நரம்பெல்லாம் புடைத்துவிட்டது. ஊதி முடித்த மறுகணம் கட்டிலின் தலைப்பக்கத்தைச் சட்டென்று இறக்கினார்கள். தாதி இரண்டு கால்களையும் 45 பாகைக்குத் தூக்கிப் பிடித்தார். இன்னொரு 15 நொடி. திரையில் ஓடிக்கொண்டிருந்த கோடு ஒருமுறை தடுக்கியது, கொஞ்சம் இடைவெளி விட்டது, அப்புறம் 88.

மருந்து ஏற்றவில்லை, மின்னதிர்ச்சி கொடுக்கவில்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், இன்னும் நம்ப முடியவில்லை.

மார்ச் 6, வியாழன்

நோயின் பெயர் எஸ்.வி.டி., இதயத்தின் மேற்பகுதியில் தொடங்கும் திடீர் வேகத்துடிப்பு. இதயத்தின் மேல் அறைகளிலிருந்து கீழ் அறைகளுக்கு மின்துடிப்பு இறங்க, நடுவில் ஏவி கணு என்ற ஒரே வாசல்தான் உண்டு. அம்மாவுக்கு அங்கே ஒன்றுக்கு இரண்டு பாதை இருக்கிறது போல. துடிப்பு ஒன்றில் இறங்கி மற்றதில் ஏறித் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. வாசலை ஒரு கணம் மூடினால் சுற்று அறுந்துவிடும்.

இன்று சாயங்காலம் அம்மா பேசிக்கொண்டே இருந்தார். இந்தப் படபடப்பு அவருக்கு நாற்பது வருடப் பழக்கம். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில், விடியற்காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டில் நிற்கும்போதே திடீரென்று வருமாம். மேற்பார்வை பார்த்த மண்டோர், "பயந்துட்டே" என்றாராம். பாட்டி மந்திரித்துக் கயிறு கட்டினார். பிறகு டவுனில் ஒரு கிளினிக்கில், "நரம்புத் தளர்ச்சி, வேற ஒண்ணுமில்ல" என்று சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

தோட்டத்து மருந்தகத்தில் வேலை பார்த்த டிரெசர் மட்டும் வேறு மாதிரி. குந்த வைத்து, மூச்சைப் பிடித்து முக்கச் சொல்வாராம். சில நாள் ஈரத்துண்டைக் குளிர்ந்த நீரில் நனைத்து முகத்தில் அழுத்துவாராம். "நின்னுடும்மா. எப்படின்னு கேட்டா சிரிப்பாரு." அந்த மனிதர் இப்போது இல்லை. அவர் கை வைத்தது சரியான இடத்தில்தான். முக்குவது, குந்துவது, முகத்தில் குளிர்ந்த நீர் படுவது, எல்லாமே ஒரே நரம்பைத்தான் தட்டி எழுப்புகின்றன.

மார்ச் 9, ஞாயிறு

அந்த நரம்புக்கு வேகஸ் என்று பெயர். மூளையின் அடித்தண்டிலிருந்து கழுத்து வழியாக இறங்கி, இதயம், நுரையீரல், குடல் என்று போகிறது. இதயத்தை அது மெதுவாக்கும். எதிர்த்திசையில் சிம்பதெடிக் நரம்புகள் இதயத்தை விரட்டும். இரண்டின் பிடியும் இல்லாமல் இதயத்தைத் தனியே விட்டால் நிமிடத்துக்கு 100 தடவை போலத் துடிக்கும். மாற்று இதயம் பொருத்தியவர்களுக்கு நரம்புத் தொடர்பு அறுபடுவதால், ஓய்விலும் 90, 100 என்றே ஓடுகிறது. நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது 70 இருக்கிறதே, அதற்கு வேகஸின் பிடிதான் காரணம்.

வேகஸ் இதயத்தை மெதுவாக்குவதை 1845இல் ஜெர்மனியின் வெபர் சகோதரர்கள் கண்டார்கள். பிறகு ஓட்டோ லோவி என்ற விஞ்ஞானி ஒரு தவளையின் இதயத்தில் வேகஸைத் தூண்டி, அது ஊறிய திரவத்தை எடுத்து இன்னொரு தவளையின் இதயத்தில் விட்டார். நரம்பே தொடாத அந்த இரண்டாவது இதயமும் மெதுவானது. 1921இல் அதை வெளியிட்டார். 1936இல் நோபல் பரிசு. நரம்பு இதயத்திடம் பேசுவது ஒரு வேதிப்பொருளால் என்று அப்படித்தான் தெரிந்தது. அதற்கு இப்போது அசெட்டில்கோலின் என்று பெயர்.

அம்மா சிரிஞ்சில் ஊதியபோது நெஞ்சுக்குள் அழுத்தம் கூடி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்தது. ஊதுவதை விட்டதும், கால்களையும் தூக்கியதால், ரத்தம் மொத்தமாகத் திரும்பியது. ரத்த அழுத்தம் ஏறியது. கழுத்துத் தமனியில் இருக்கும் உணர்விகள் அதை மூளைக்குச் சொல்ல, மூளை வேகஸை இழுத்தது. வாசல் மூடியது. இங்கிலாந்தில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், உட்கார்ந்தபடி ஊதியவர்களில் 17 சதவீதம் பேருக்குத்தான் துடிப்பு சீரானது. இப்படிப் படுக்கவைத்துக் கால் தூக்கியபோது 43 சதவீதம். காலைத் தூக்குவதற்குச் செலவே இல்லை!

"நரம்புதான், வேற ஒண்ணுமில்ல" என்ற வார்த்தை எனக்கு இன்று கோபத்தைத் தருகிறது. நரம்பு என்றால் ஒன்றுமில்லை என்று யார் சொன்னது?

மார்ச் 14, வெள்ளி

சித்தப்பா நோன்புச் சந்தையில் வாங்கிய முர்தபாக்கோடு வந்தார். அவருக்கு இருப்பது வேறு, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். மேல் அறைகள் ஒழுங்கில்லாமல் நடுங்கும். உள்ளே ரத்தம் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். "எனக்கும் அந்த ஊதுற வைத்தியம் பார்த்துடலாமா, ம்மா?" என்று கேட்டார். முடியாது சித்தப்பா, இதில் அறுப்பதற்கு ஒற்றைச் சுற்று கிடையாது என்றேன். முகம் வாடிவிட்டது.

ஆனால் அவருக்குச் சொல்ல ஒரு செய்தி இருந்தது. வேகஸின் சின்னக் கிளை ஒன்று காதுக்கு வருகிறது. அம்மா கோழி இறகால் காது குடையும்போதெல்லாம் இருமுவாரே, அந்தக் கிளைதான் காரணம். காதுத் துளைக்கு முன்னால் இருக்கும் சிறு மடலில் கிளிப் மாட்டி, மெல்லிய மின்னோட்டம் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், அமெரிக்காவின் ஓக்லஹோமாவில். விட்டு விட்டு இந்நோய் வரும் 53 பேர், தினமும் 1 மணி நேரம், 6 மாதம். பாதிப் பேருக்கு ஒப்பிட்டுப் பார்க்க, தோடு போடும் மடலில் மாட்டினார்கள். அங்கே வேகஸ் கிளை இல்லை. 2020இல் முடிவு வெளிவந்தது. உண்மைச் சிகிச்சை பெற்றவர்களுக்கு நோய் நிலவிய நேரம் மற்றவர்களைவிட 85 சதவீதம் குறைவு.

53 பேர் என்பது சிறிய கூட்டம். அதனால் சித்தப்பாவிடம் இரண்டு தடவை சொன்னேன்: இணையத்தில் விற்கும் காதுக் கருவியை வாங்கி மாட்டிக்கொண்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இன்னொன்றும் இருக்கிறது. வேகஸை ஓங்கித் தூண்டினால் இதே ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் கிளம்பவும் கூடும். சிலருக்கு இரவில், வயிறு முட்டச் சாப்பிட்ட பிறகு அது வருவது அப்படித்தான். அளவுதான் முக்கியம். சித்தப்பா முர்தபாக்கின் கடைசித் துண்டை எடுக்கவில்லை.

மார்ச் 19, புதன்

காலை ஆறே முக்காலுக்கு மறுபடியும் வந்தது. சொல்லிக் கொடுத்தபடி வீட்டிலேயே ஊதவைத்தேன், கால்களை நாற்காலி மேல் தூக்கி வைத்தேன். இரண்டு முறை. நிற்கவில்லை. அம்மாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. அதற்கு மேல் காத்திருக்கவில்லை.

மருத்துவமனையில் முதல் கேள்வி: "கோப்பி குடித்தீர்களா?" குடித்திருந்தார், கெட்டியாக. அவர்கள் போடப்போகும் அடினோசின் மருந்தின் வேலையைக் காப்பியில் உள்ள காஃபின் தடுக்குமாம். 6 மில்லிகிராம் போட்டும் அசையவில்லை. 12 போட்டார்கள். திரையில் கோடு நேராகப் போனது. என் உயிரே போனது. அப்புறம் துடிப்பு வந்தது, 92. "கிணத்துல விழுந்து ஏறின மாதிரி இருந்துச்சு" என்றார் அம்மா. அந்த மருந்து உடம்பில் தங்குவது சில நொடிகள்தான். வேகஸ் ஏவி கணுவில் செய்யும் அதே வேலையை அது ஊசி வழியாகச் செய்கிறது.

படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத்திணறல் இருந்தால் ஊதிக்கொண்டிருக்காதீர்கள், நேராக ஆஸ்பத்திரி. வேகஸைத் தூண்டக் கழுத்தைத் தேய்த்துவிடும் முறையை வீட்டில் யாரும் செய்யவே கூடாது. வயதானவர்களின் கழுத்துத் தமனியில் கொழுப்புப் படிந்திருந்தால் அது பெயர்ந்து மூளைக்குப் போகலாம்.

மார்ச் 23, ஞாயிறு

என்னோடு படித்த தோழி இதய வார்டில் தாதி. அவள் சொன்னதைக் கேட்டதிலிருந்து மனம் அதிலேயே நிற்கிறது. சில நோயாளிகளுக்குக் கீழ் அறைகளில் ஆபத்தான வேகத்துடிப்பு ஒரே நாளில் மூன்று முறை, பத்து முறை என்று வரும். மின்புயல் என்கிறார்கள். உடலில் பொருத்திய கருவி ஒவ்வொரு முறையும் அதிர்ச்சி கொடுக்கும். அந்த வலியும் பயமும் சிம்பதெடிக் நரம்பை இன்னும் முடுக்கும், அதனால் இன்னொரு புயல். மருந்துகளுக்கு அடங்காதபோது, கழுத்தின் அடியில் இருக்கும் ஸ்டெல்லேட் நரம்பு முடிச்சைச் சுற்றி மரத்துப்போகும் மருந்தை ஊசியால் செலுத்துவார்கள். இதயத்துக்குப் போகும் விரட்டல் அங்கேயே தடைபடும். பலருக்குப் புயல் அடங்கிவிடுகிறது.

புதிய யோசனை இல்லை இது. 1916இலேயே புக்கரெஸ்ட் நகரில் ஜொனெஸ்கோ என்ற அறுவை மருத்துவர் இடப்பக்க முடிச்சை அகற்றியிருக்கிறார். இன்றும் லாங் க்யூடி என்ற பரம்பரை இதயத்துடிப்பு நோயுள்ள சில பிள்ளைகளுக்கு, மருந்து போதாதபோது, இடப்பக்கச் சிம்பதெடிக் நரம்பை வெட்டுகிறார்கள்.

பெரட்டில் மயங்கி விழுந்து, "காத்துக் கருப்பு" என்று சொல்லிப் புதைத்த பிள்ளைகளில் இருவரை அம்மா பெயர் சொல்லிக் காட்டினார். அவர்களுக்கு என்ன நோய் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

மார்ச் 27, வியாழன்

கோலாலம்பூரிலுள்ள தேசிய இதயக் கழகமான ஐ.ஜே.என்.னுக்குக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய கம்பியை இதயத்துக்கு அனுப்பி, கூடுதலாக இருக்கும் பாதையைச் சுட்டுவிடுவார்கள். பெரும்பாலானவர்களுக்கு அதோடு தீர்ந்துவிடும் என்றார் டாக்டர். அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அப்ப அந்த டிரெசர் ஐயா செஞ்சது சரிதானே?" டாக்டருக்குத் தமிழ் தெரியாது. நான் மலாயில் விளக்கினேன். அவர் அம்மாவின் கையைத் தொட்டு, "பெத்துல், ஆன்ட்டி" என்றார், சரிதான் என்று.

அம்மா இன்னும் நாலு மணிக்கே எழுகிறார், பெரட்டு மணி அடிக்காத இந்தத் தாமான் குடியிருப்பு வீட்டிலும். இன்று நானும் எழுந்துபோய் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்தேன். 72. மறுபடி எண்ணுகிறேன் என்றேன். "விடும்மா, மிலோ ஆறுது" என்று கையை இழுத்துக்கொண்டார்.