ஒரு ஜனதா, ஒரு ஃபர்ஸ்ட் காப்பி: உப்புக்காற்றில் வாட்ச் சர்வீஸ்

மேசையில் இரண்டு வாட்ச். ஒன்று எச்.எம்.டி. ஜனதா: சாவி கொடுத்து ஓட்டுவது, 17 கல் (அச்சு தேயாமல் தாங்கும் கற்கள்). இன்னொன்று பெரிய சுவிஸ் கம்பெனியின் பெயரை டயலில் அடித்த ஃபர்ஸ்ட் காப்பி. உள்ளே 21 கல் சீன ஆட்டோமேட்டிக் மெஷின், கை அசைவிலேயே சாவி ஏறுவது. ஜனதா ஒரு நாளைக்கு ஏழு நிமிடம் பிந்தியது. காப்பி நான்கு நிமிடம் முந்தியது. இரண்டையும் பிரித்துக் கழுவி, எண்ணெய் இட்டு, நேரத்துக்குக் கொண்டுவர மூன்று மதியம் ஆனது. எந்த வரிசையில் செய்தேன், எங்கே கை தவறும் என்பதை அப்படியே எழுதுகிறேன்.

மதியம் என்று சொல்லக் காரணம் உண்டு. குமரி மாவட்டத்துக்கு ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை. சாரல் அடிக்கிற நாளில் கழுவிய பாகத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படிந்துவிடும். எண்ணெய்க்கு அடியிலேயே துரு தொடங்கும். அதனால் வெயில் உள்ள நாளில், 11 மணிக்கு மேல் 3 மணிக்குள்தான் வேலை. ஃபேனை நிறுத்தியாக வேண்டும். வேர்வைக்கு விரல் உறை வேண்டும். வெறுங்கையால் தொட்ட ஸ்டீல் பாகத்தில் மறுநாளே விரல்ரேகை பழுப்பாகத் தெரியும்.

திறக்கும் முன்பே பாதி நோயைக் கண்டுபிடித்துவிடலாம். சாதாரண திசைகாட்டியின் மேல் வாட்சை மெல்ல நகர்த்தினேன். காப்பிக்கு முள் துள்ளியது, ஜனதாவுக்கு அசையவில்லை. காந்தம் ஏறினால் ஹேர்ஸ்பிரிங்கின், அதாவது இங்குமங்கும் ஆடி நேரம் காக்கும் பேலன்ஸ் சக்கரத்தின் மெல்லிய ஸ்பிரிங்கின், சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டும். ஒட்டினால் ஸ்பிரிங்கின் வேலை செய்யும் நீளம் குறையும், வாட்ச் முந்தும். மொபைல் கவரின் காந்தம், ஸ்பீக்கர், லேப்டாப் மூடி, எதிலிருந்தும் ஏறும். காந்தம் நீக்கும் நீலப் பெட்டியில் பொத்தானை அழுத்தியபடியே வாட்சை ஒரு கை நீளத்துக்கு மெதுவாக விலக்கி, பிறகுதான் பொத்தானை விட வேண்டும். பெட்டியின் மேலேயே வைத்துக்கொண்டு விட்டால் மறுபடி காந்தம் ஏறும். இந்த ஒன்றிலேயே காப்பி நான்கு நிமிடத்திலிருந்து 40 வினாடிக்கு வந்துவிட்டது. இதைச் செய்யாமல், முந்தல் பிந்தலைத் திருத்தும் ரெகுலேட்டரைத் தொடுகிறவர்கள்தான் அதிகம்.

அடுத்து ஓசை அளக்கும் ஆப். ஜனதா மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது வினாடிக்கு ஐந்து. காப்பி 21,600, வினாடிக்கு ஆறு. ஆப்பில் இந்த எண்ணைச் சரியாகப் போட்டு, இயர்போன் மைக்கைச் சாவி கொடுக்கும் குமிழான கிரவுனில் ஒட்ட வைத்துக் கேட்க வேண்டும். ஜனதாவின் பேலன்ஸ் வீச்சு, அதாவது அந்தச் சக்கரம் ஒரு பக்கம் ஆடும் தூரம், 160 டிகிரிதான் இருந்தது. முழுச் சாவியில், டயல் மேல்நோக்கி இருக்க வைத்தால் 260, 270 வர வேண்டும். 200-க்குக் கீழே என்றால் எண்ணெய் காய்ந்திருக்கிறது அல்லது அழுக்கு. அதற்கு ரெகுலேட்டர் மருந்தல்ல.

பின்மூடியைத் திறந்ததும் நான் முதலில் பார்ப்பது சக்கரங்களை அல்ல, கிரவுனிலிருந்து உள்ளே போகும் தண்டான ஸ்டெம்மை. குளச்சல், முட்டம் பக்கத்து வாட்ச்களில் துரு நுழைகிற வாசல் அதுதான். தினம் தொட்டுத் திருகுவதும், ரப்பர் வாஷர் முதலில் தேய்வதும் அங்கேதான். மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்காரருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. அந்த மணலில் இல்மனைட் என்கிற கறுப்புக் கனிமத்தோடு கார்னெட்டும் இருக்கிறது. உப்புத்தாள் செய்யப் பயன்படுத்துகிற அதே கார்னெட். கிரவுன் இடுக்கில் போன நாலு பொடி, ஸ்டெம்மையும் குழாயையும் அரம் போல ராவிவிடும்.

ஸ்டெம்மை எடுக்கும் முன், வாட்சை ஓட்டும் மெயின்ஸ்பிரிங்கின் விசையை இறக்க வேண்டும். கிரவுனை விரலால் பிடித்துக்கொண்டு, ஏறிய சாவி திரும்பாமல் தடுக்கும் கிளிக்கைச் சாமணத்தால் விலக்கி, கிரவுன் விரலுக்குள் மெல்ல நழுவும்படி விட வேண்டும். சட்டென விட்டால் கிளிக்கோ சக்கரப் பல்லோ போகும். பிறகு ஸ்டெம்மைப் பிடித்திருக்கும் செட்டிங் லீவர் திருகை ஒன்றரைச் சுற்று மட்டும் தளர்த்தினால் ஸ்டெம் வரும். முழுக்கக் கழற்றினால் லீவர் டயலுக்கு அடியில் கழன்று விழும். சும்மா சாவியைப் பார்க்கப் போனவர் முள், டயல் எல்லாவற்றையும் எடுக்க வேண்டிவரும்.

முள்ளை எடுக்கும்போது டயல் மேல் பாலித்தீன் தாளை விரித்துக்கொண்டேன். டயலைக் கழற்றியதும், அது ஒரிஜினல்தானா என்று தெரிய அதன் முதுகைப் பார்ப்பது நல்லது. எச்.எம்.டி. 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கியது. ஜனதாவின் 0231 மெஷினும் சிட்டிசன் வழி வந்ததுதான். டயலில் ‘பாராஷாக்’ என்று, அதிர்ச்சி தாங்கும் அமைப்புக்குச் சிட்டிசன் வைத்த பெயர் இருப்பதும் அந்த உறவால்தான். 2016 ஜனவரியில் எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட மத்திய அரசு முடிவெடுத்த பிறகு புதுப் பாகம் வருவது நின்று, புது பெயின்ட் அடித்த டயல்கள் பெருகின. ஒரிஜினல் டயலின் எழுத்து விளிம்பு லென்ஸில் கூர்மையாக இருக்கும். மறுபடி அடித்ததில் மை கசிந்திருக்கும், விளிம்பில் பெயின்ட் வழிந்து முதுகுவரை வந்திருக்கும், டயல் கால்களை வெட்டிப் பசை போட்டிருப்பார்கள். நல்ல 0231 மெஷினுக்கு வெளிநாட்டுப் பெயர் டயல் மாட்டி விற்பதும் உண்டு. என் கணக்கில் மெஷின் நன்றாக இருந்தால் அது ஓட்டத் தகுந்த வாட்ச். ஆனால் ஒரிஜினல் விலை கொடுக்கத் தகுந்தது அல்ல.

பிரிக்கிற வரிசை: முதலில் பேலன்ஸ், பிறகு பேலட் ஃபோர்க் (துடிப்புக்கு ஒரு பல்லாகச் சக்கரத்தை விடும் கவை), பிறகு ராட்செட் (சாவி ஏற்றும் சக்கரம்), பேரல் (மெயின்ஸ்பிரிங் இருக்கும் டப்பா) பிரிட்ஜ் (மேலே பிடிக்கும் தட்டு), சக்கரங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் மொபைலில் ஒரு படம். திருகுகளை அந்தந்தப் பிரிட்ஜோடு தனித்தனிக் கிண்ணத்தில் போட்டேன். எல்லாம் ஒரே மாதிரி தெரியும், ஆனால் நீளம் வேறு. நீளமானதைத் தவறான இடத்தில் இறக்கினால் நுனி அந்தப்பக்கம் நீட்டிச் சக்கரத்தை நிறுத்தும். திருகுளி நுனி வெட்டுக்குள் முழு அகலத்துக்கும் உட்கார வேண்டும். ஒரு திருகின் தலை முறிந்து தண்டு பித்தளைக்குள் மாட்டிக்கொண்டால் துளைபோட வேண்டாம். ஸ்டீல் பாகம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பித்தளைத் தட்டை மட்டும் வெதுவெதுப்பான படிகாரக் கரைசலில் போட்டு வைத்தால் சில மணி நேரத்தில், சிலபோது ஒரு நாளில், தண்டு கரைந்து போகும். பித்தளைக்கு ஒன்றும் ஆகாது. நாட்டு மருந்துக்கடைப் படிகாரமே போதும்.

கழுவுவது ஒயிட் பெட்ரோலில், மூடியுள்ள குப்பியில், ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்படிக்குத் தூரமாக. முதல் குளியலில் பத்து நிமிடம் ஊறவைத்துப் பிரஷால் தேய்த்தேன், இரண்டாவது சுத்தமான பெட்ரோலில், கடைசியாக ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் அலசி ஊதுபந்தால் ஊதினேன். இங்கேதான் பெரிய வில்லங்கம். பேலட் ஃபோர்க்கின் இரண்டு கற்களும், பேலன்ஸ் ரோலரில் உள்ள கல்லும் அரக்கில் ஒட்டப்பட்டவை. அரக்கு ஆல்கஹாலில் கரையும். இந்த இரண்டு பாகத்தையும் பெட்ரோலோடு நிறுத்திவிட வேண்டும். மற்றதோடு சேர்த்து ஆல்கஹாலில் ஊறப்போட்டு, கல் அரை முடி நகர்ந்துபோய், பிறகு ஏன் ஓடவில்லை என்று தலையைச் சொறிவது பழக்கமான கதை.

கல் துளைகளைக் குச்சியால் குடைய வேண்டும். தென்னை ஈர்க்கு வேண்டாம், நார் உதிரும். மூங்கில் பல்குச்சியை ஊசி மாதிரிச் சீவி, துளைக்குள் சுழற்றி எடுத்தால் கறுப்பு வரும். நுனி வெள்ளையாக வரும்வரை மறுபடி சீவிச் சுழற்றுவதுதான் வேலை.

பேலன்ஸின் மூடிக்கல்லைப் பிடித்திருக்கும் சிறிய ஷாக் ஸ்பிரிங்கைத் திறக்கும்போது வாட்சையும் இரு கைகளையும் ஒரு பெரிய பாலித்தீன் பைக்குள் வைத்துக்கொண்டேன். அது பறந்தால் மொசைக் தரையில் கிடைக்காது.

எண்ணெய் விஷயத்தில் தையல் மெஷின் எண்ணெய் பரவி ஓடிவிடும். தேங்காய் எண்ணெய் பிசினாகும். நம் ஊரில் அதைச் சொல்லியே ஆக வேண்டும். வேகமாகச் சுழலும் பிவட்டுகளுக்கு (அச்சு நுனிகளுக்கு) மோபியஸ் என்கிற வாட்ச் எண்ணெயில் 9010 எண், சென்டர் சக்கரம், பேரல் அச்சு போன்ற மெதுவான இடத்துக்கு டி5, பேலட் கல்லின் முகத்துக்கு 9415, சாவிப் பகுதிக்குக் கிரீஸ். கல்லின் குழியில் பாதிக்குச் சற்று மேல் நிறைந்தால் போதும். பேலன்ஸின் மூடிக்கல்லில் துளி கல்லின் அகலத்தில் பாதிக்கு வட்டமாக நிற்க வேண்டும். லென்ஸில் விளிம்பு தெளிவான வளையமாகத் தெரிந்தால் சரி. கலைந்து ஓரத்துக்கு ஓடியிருந்தால் துடைத்துவிட்டு மறுபடி. அதிகமானால் எண்ணெய் குழியில் நிற்காமல் முழுவதும் தட்டின் மேல் பரவி ஓடிவிடும், பிவட் காய்ந்து போகும். பேலட் ஃபோர்க்கின் பிவட்டுகளுக்கு எண்ணெயே கூடாது. இட்டால் வீச்சு குறையும்.

காப்பிக்கு ஒரு வித்தியாசம். சாவி வாட்சின் மெயின்ஸ்பிரிங் நுனி பேரல் சுவரில் மாட்டியிருக்கும். ஆட்டோமேட்டிக்கில் நுனி வழுக்க வேண்டும், இல்லாவிட்டால் கை அசைவில் சுழன்று சாவி ஏற்றும் ரோட்டர் சுற்றச் சுற்ற ஸ்பிரிங் அறுந்துவிடும். அதனால் சுவரில் 8217 போன்ற பிரேக் கிரீஸ் ஐந்தாறு பொட்டு. சாதாரணக் கிரீஸ் போட்டால் சீக்கிரம் வழுக்கி முழுச் சாவி ஏறாது. இந்தச் சீன மெஷின் ஜப்பான் மியோட்டா 8215-ன் அமைப்பைப் பின்பற்றியது. ரோட்டர் ஒரு திசையில்தான் சாவி ஏற்றும், மறுதிசையில் ‘விர்’ரென்று சும்மா சுழலும். அது கோளாறல்ல. உள்ளே பித்தளைச் சிராய்களும் அங்கங்கே எண்ணெய்க் குட்டையும் இருந்தன. ஏதாவது சக்கரம் தேய்ந்திருந்தால் பாகம் தேடி அலைய வேண்டாம், முழு மெஷினை மாற்றுவதுதான் மலிவு. காப்பியைக் கட்டிக்கொண்டு திரிவது அவரவர் விருப்பம். ஒரிஜினல் என்று சொல்லி விற்றால் 1999 வணிகக் குறிச் சட்டத்தில் குறைந்தது ஆறு மாத ஜெயில் இருக்கிறது.

பூட்டி முடித்து ஒரு நாள் ஓடவிட்ட பிறகே அளவு. நாகர்கோவில் மணிமேடைக் கடிகாரம் 1893-லிருந்து ஒரே நிலையில் நிற்கிறது. கையில் கட்டுவது எல்லாப் பக்கமும் புரளும். அதனால் டயல் மேல், டயல் கீழ், கிரவுன் கீழ் என்று மூன்று நிலையிலாவது பார்க்க வேண்டும். ஜனதா டயல் மேலாக 265 டிகிரி வீச்சு, நாளைக்கு 6 வினாடி முந்தல். கிரவுன் கீழாக 225, 9 வினாடி பிந்தல். பீட் எரர், அதாவது ‘டிக்’குக்கும் ‘டாக்’குக்கும் உள்ள நேர வித்தியாசம், 1.8 மில்லிவினாடி. இதைக் குறைக்க, ஹேர்ஸ்பிரிங்கைப் பேலன்ஸ் அச்சில் பிடிக்கும் வளையமான காலட்டைத் திருப்ப வேண்டும். இரண்டுக்குள் இருப்பதால் தொடவில்லை. நூறு ரூபாய் லாபத்துக்கு ஆயிரம் ரூபாய் ஸ்பிரிங்கைப் பணயம் வைக்கிற வேலை அது.

குலசேகரம், திற்பரப்பு பக்கத்தில் வீட்டில் ரப்பர் ஷீட் அடிக்கிறவர்கள் வாட்சை அந்தச் சாய்ப்பில் கழற்றி வைக்கக் கூடாது. பாலை உறையவைக்கிற ஃபார்மிக் ஆசிட்டின் ஆவி ஸ்டீலைத் தின்னும். தோல் பட்டை மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். நைலான் பட்டைக்கு மாறிவிடுங்கள்.

கடைசியில் காப்பியின் டயலில் அடித்திருந்த ‘200 மீட்டர்’. பின்மூடி வாஷரை மாற்றி, சிலிக்கான் கிரீஸ் தடவி மூடி, 40 டிகிரிச் சூட்டில் கால்மணி நேரம் வைத்து, கண்ணாடி மேல் குளிர்ந்த தண்ணீர் ஒரு துளி விட்டுத் துடைத்துப் பார்த்தேன். உள்ளே பனி படரவில்லை. இதனால் தெரிவது உள்ளே ஈரம் மாட்டவில்லை என்பது மட்டும். வெளியிலிருந்து தண்ணீர் வராது என்பதற்கு அழுத்தச் சோதனை வேண்டும். அது செய்யும்வரை சங்குத்துறையில் கால் நனைக்கப் போனாலும் இந்த வாட்ச் சட்டைப்பையில்தான்.