கேச் கோப்புகளை லினக்ஸில் மேய்ப்பது

என் விண்டோஸ் லேப்டாப்பின் மதர்போர்டு போய்விட்டது. மாற்ற ஆகும் செலவைக் கேட்டதும் அப்படியே மூடிப் பரண் மேல் வைத்துவிட்டேன். இப்போது கையில் இருப்பது அக்கா மகள் பிளஸ் டூ படித்தபோது கொடுத்த அரசு லேப்டாப். விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்த மெஷின். காலேஜ் போனதும் அம்மிணி இரண்டையும் அழித்துவிட்டு லினக்ஸ் மின்ட் போட்டுக்கொண்டாள். மில்லில் மெயின்டனன்ஸ் பார்க்கிறவனுக்கு மெஷின் மாறினால் பயமில்லை. என் ஜியோகேச்சிங் கோப்புகளை என்ன செய்வது என்பதுதான் யோசனை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. யாரோ ஒருவர் சின்ன டப்பாவை (இதற்குத்தான் கேச் என்று பெயர்) ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை ஜியோகேச்சிங் இணையதளத்தில் போடுவார். ஜிபிஎஸ் வைத்துத் தேடிப்போய், உள்ளே இருக்கும் நோட்டில் பெயர் எழுதிவிட்டு, டப்பாவை அதே இடத்தில் வைத்துவிட்டு வர வேண்டும். 2000 மே தொடக்கத்தில், பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்க அரசு நிறுத்தியது. ஓரிரு நாளில் டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் முதல் வாளியை ஒளித்துவைத்தார். ஆரம்பம் அதுதான்.

நம்ம கொங்குப் பக்கம் டப்பாக்கள் குறைவு. அதனால் ஊட்டியோ, கணவாய் தாண்டிப் பாலக்காடோ, எங்கே போனாலும் வழிக்கான கோப்பை முன்பே இறக்கிக்கொள்வேன். வால்பாறைக் கொண்டை ஊசி வளைவுகளில் போன் சிக்னலை நம்பிப் போக முடியாது. என் கையடக்க ஜிபிஎஸ் கருவியான கார்மின் இ-ட்ரெக்ஸ், இரண்டு பென்சில் செல் போட்டால் நாள் முழுக்க ஓடும்.

விண்டோஸில் எல்லோரையும் போல நானும் இந்தக் கோப்புகளைப் பராமரிக்க ஜிஎஸ்ஏகே என்ற புரோகிராம் வைத்திருந்தேன். லினக்ஸுக்கு அது கிடையாது. விண்டோஸ் புரோகிராம்களை லினக்ஸில் ஓட்டும் வைன் மூலம் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், ஓடவும் செய்கிறது. ஆனால் இந்தப் பழைய லேப்டாப்பில் அதற்கு மேல் இன்னொரு அடுக்கு எதற்கு என்று தோன்றியது. அப்போதுதான் அக்கா மகள், டப்பா விவரங்கள் வரும் ஜிபிஎக்ஸ் கோப்பு ஒன்றைச் சாதாரண டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து காட்டினாள். "இது வெறும் எழுத்துதானுங்க மாமா, இதுக்கு எதுக்குங்க அவ்வளவு பெரிய புரோகிராம்?"

அவள் சொன்னது சரி. ஜிபிஎக்ஸ் என்பது எக்ஸ்எம்எல், அதாவது விவரங்களுக்குப் பெயர்க்குறி போட்டு எழுதிய டெக்ஸ்ட். டப்பாவின் பெயர், அளவு, கடினம், தேடினவர்கள் எழுதிய குறிப்பு எல்லாம் வரிவரியாகக் கிடக்கிறது. தளத்தில் எழுத்து மாற்றிப் பூட்டிவைத்திருக்கும் துப்புகூட இதற்குள் பச்சையாகவே இருக்கிறது. சுவாரசியம் போய்விடும், கண்ணை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

காசு கட்டிய உறுப்பினருக்குப் பாக்கெட் குவெரி என்று ஒரு ஜிப் வரும், அதிகபட்சம் 1000 டப்பாக்கள். பிரித்தால் இரண்டு கோப்புகள்: ஒன்று டப்பாக்கள், மற்றது வண்டி நிறுத்தும் இடம் போன்ற துணைப்புள்ளிகள். இப்படி நாலைந்து சேர்ந்துவிட்டால், ஜிபிஎஸ் கோப்புகளைச் சேர்த்து, வடிகட்டி, மாற்றித் தரும் ஜிபிஎஸ்பேபெல் என்ற புரோகிராம் போதும். டெர்மினலில் கட்டளை தட்டி ஓட்டுவது. மின்டின் சாஃப்ட்வேர் மேனேஜரிலேயே கிடைக்கிறது. டூப்ளிகேட் வடிகட்டி இரட்டைப் பதிவுகளை நீக்கும். ரேடியஸ் வடிகட்டி ஒரு புள்ளியைச் சுற்றி இத்தனை தூரம் என்று வெட்டித் தரும். எண்ணுக்குப் பின்னால் கே எழுத்தைப் போட்டால்தான் கிலோமீட்டர், இல்லாவிட்டால் மைல். கட்டளையில் வரிசை முக்கியம். உள்ளே வருவது முதலில், வடிகட்டி நடுவில், வெளியே போவது கடைசியில். வடிகட்டியைக் கடைசியில் எழுதினால் அது திட்டாது, வடிகட்டாத கோப்பைச் சத்தமில்லாமல் எழுதிக் கொடுத்துவிடும்.

ரேடியஸ் வடிகட்டிக்கு மையப்புள்ளியைக் கொடுக்கும்போது இன்னொரு சங்கதி. தளத்தில் டிகிரியும் தசம நிமிடமுமாக இருக்கும், கோப்பில் தசம டிகிரி மட்டும்தான். எங்கள் பெருந்துறை ஏறத்தாழ வடக்கு 11 டிகிரி 16.5 நிமிடம். நிமிடத்தை 60-ஆல் வகுத்தால் 11.275 வரும். வகுக்காமல் 11.165 என்று தட்டினால் ஊர் 12 கிலோமீட்டர் தெற்கே போய்ச் சென்னிமலைப் பக்கம் உட்கார்ந்துவிடும்.

இ-ட்ரெக்ஸைச் செருகினால் பென் டிரைவ் மாதிரித் திறக்கிறது, டிரைவர் எதுவும் வேண்டாம். கார்மின் ஃபோல்டருக்குள் இருக்கும் ஜிபிஎக்ஸ் ஃபோல்டரில் கோப்பைப் போட்டால் போதும். ஆனால் நகல் முடிந்தது என்று திரை சொன்னாலும் லினக்ஸ் பாதியை மெமரியில் வைத்திருக்கும். எஜெக்ட் கொடுத்து, முடிந்தது என்று வந்த பிறகே கேபிளை உருவுங்கள். இல்லாவிட்டால் கோப்பு அரைகுறையாக நிற்கும், கருவியில் டப்பாவே தெரியாது.

திரும்பி வந்ததும் எந்த டப்பா கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்ற பட்டியல் கருவியில் ஒரு டெக்ஸ்ட் கோப்பாக இருக்கும். அது யூடிஎஃப்-16 குறியேற்றத்தில் எழுதப்பட்டது, லினக்ஸில் வழக்கம் யூடிஎஃப்-8. டெர்மினலில் கிரெப் என்ற தேடல் கட்டளையைப் போட்டுத் தேடினால், கண்ணெதிரே இருக்கும் பெயரைக்கூட இல்லை என்கிறது. குறியேற்றம் மாற்றும் ஐகான்வ் கட்டளையைக் கொண்டு யூடிஎஃப்-8 நகல் ஒன்று எடுத்துக்கொண்டால் எல்லாம் சரியாக வருகிறது. தளத்தில் ஏற்ற மூலக்கோப்பையே கொடுங்கள்.

பொள்ளாச்சி நண்பர் வைத்திருப்பது பழைய கார்மின் கருவி, ஜிபிஎஸ்மேப் 60சிஎஸ்எக்ஸ். அதில் இப்படிக் கோப்பை இழுத்துப் போட முடியாது, ஜிபிஎஸ்பேபெல்தான் அதனோடு பேச வேண்டும். அதற்கு முன்பே லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலில் இருக்கும் கார்மின் டிரைவர் கருவியைப் பிடித்துக்கொள்ளும். அந்த டிரைவர் மாட்யூல் ஏறாதபடி பிளாக்லிஸ்ட் செய்து, மெஷினை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தோம். அப்புறம் புள்ளிகள் ஏறின, ஆனால் ஜிபிஎஸ்பேபெலை ரூட் (நிர்வாகி) உரிமையோடு ஓட்டினால்தான். கருவியைத் தொடும் அனுமதியைச் சாதாரணப் பயனருக்கும் தரும் யூடெவ் விதி ஒரு வரி எழுதினால் அதுவும் தேவைப்படாது.

மிச்சத் தலைவலி கேபிள்தான். இந்தக் கருவிகளுக்கு வேண்டியது மினி யூஎஸ்பி. மொபைல் கடையில் கேட்டால் மைக்ரோவா டைப்-சியா என்கிறார்கள். பழைய டிஜிட்டல் கேமரா வீட்டில் கிடந்தால் அதன் கேபிளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.