மைனஸ் நான்கு

2009-இல் பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் வருடம். மேஜர் கணிதம், அலைடு புள்ளியியல், வாரத்துக்கு இரண்டு மணி நேரம் சி என்ற புரோகிராம் மொழிக்கான லேப். மூன்றுக்கும் தனித்தனி நோட்டு, தனித்தனி ஆசிரியர். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் சொந்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. கணிதத்துக்கு மாடி ஏற வேண்டும், லேபுக்குச் செருப்பைக் கழற்ற வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். (கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாதாம். உள்ளே ஃபேனில் இருந்த தூசியை யாரும் கேட்கவில்லை.)

அன்றைக்குப் பயிற்சி, திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்ற அளவு) காணும் புரோகிராம். சூத்திரம் பள்ளியிலேயே மனப்பாடம். வர்க்கங்களைக் கூட்டி, எண்ணிக்கையால் வகுத்து, சராசரியின் வர்க்கத்தைக் கழித்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். எண்களை ஒருமுறை வரிசையாகப் படிக்கும் ஒரே லூப் போதும், அவற்றைச் சேர்த்து வைக்க அர்ரே கூட வேண்டாம். டர்போ சி-யின் நீலத் திரையில் பத்து நிமிடத்தில் அடித்துவிட்டேன். டேட்டா யோசிக்கச் சோம்பலாக இருந்ததால் ரோல் நம்பர் மாதிரி 10001, 10002, 10003 என்று தட்டினேன். ரோல் நம்பருக்குத் திட்ட விலக்கம் பார்த்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

விடை வரவில்லை. ‘டொமைன் எரர்’ என்று வந்தது, கொடுத்த எண்ணுக்கு வர்க்கமூலம் கிடையாதாம். வர்க்கமூலத்தை நீக்கிவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் அச்சிட்டுப் பார்த்தேன்: -4.000000.

வர்க்கமூலத்துக்கு முந்தைய அந்த எண்ணுக்குப் பெயர் விலக்க வர்க்கச் சராசரி. அது மைனஸ் நான்கு! வர்க்கங்களின் சராசரி எப்படி மைனஸாகும்? லேப் மேடமைக் கூப்பிட்டேன். எட்டிப் பார்த்துவிட்டு, “டேட்டாவ மாத்திப் போடும்மா, மணியாச்சு” என்றார். 35, 40, 45 போட்டேன். 4.082483 வந்தது. கையெழுத்தும் கிடைத்தது.

மனசு கேட்கவில்லை. மறுநாள் புள்ளியியல் சாரிடம் நோட்டை நீட்டினேன். அவர் கம்ப்யூட்டரைத் தொட்டு நான் பார்த்ததில்லை. சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. “நீயே கையால போடு” என்று பேனாவைக் கொடுத்தார். வர்க்கங்களின் கூடுதல் 30,01,20,014. மூன்றால் வகுத்து, 10002-இன் வர்க்கத்தைக் கழித்தால் 0.67 மிஞ்சுகிறது. “உன் மெஷின் முப்பது கோடி வரைக்கும் சரியா எண்ணுமா?” என்றார்.

எண்ணாது. புரோகிராமில் நான் எண்களை வைத்தது ஃப்ளோட் என்ற தசம எண் வகையில். அதற்கு 24 பிட் (இரும இலக்க) துல்லியம்தான். ஒரு கோடியே அறுபத்தேழு லட்சம் சொச்சம் வரை ஒவ்வொரு முழு எண்ணையும் பிடித்து வைக்கும். அதற்குமேல் நிறுத்தங்களைத் தாண்டித் தாண்டிப் போகும் எக்ஸ்பிரஸ் பஸ் மாதிரி. முப்பது கோடிப் பக்கம் வந்தால் 32 எண்ணுக்கு ஒரு முறைதான் நிற்கும். என்னுடைய கூடுதல் 30,01,20,000-இல் இறங்கிவிட்டது. தொலைந்தது 14. மூன்றால் வகுத்தால் 4.67. இருக்க வேண்டிய 0.67-இலிருந்து அதைக் கழித்தால் மைனஸ் நான்கு. தசமம் பிசகாமல் கணக்கு நேரானபோது உடம்பு சிலிர்த்தது. தப்பான விடைக்கும் இவ்வளவு ஒழுங்கான காரணம் இருக்குமா?

சார் அதோடு விடவில்லை. “பத்தாவதுல ஊகச் சராசரி படிச்சியே, எதுக்காம்?” என்றார். ஒரு எண்ணைச் சராசரியாக ஊகித்து எல்லாவற்றிலும் கழித்துவிட்டால் கையால் போடுவதற்குச் சுலபம் என்றேன். “எல்லாத்துலயும் 10002-ஐக் கழிச்சுட்டுப் போடு.” -1, 0, 1. எல்லா எண்ணிலிருந்தும் ஒரே எண்ணைக் கழித்தால் பரவல் மாறாது என்பதை மாடியில் இரண்டு வரியில் நிரூபித்துவிட்டு மறந்தே போயிருந்தேன். அடுத்த வாரம் லேபில் கழித்துவிட்டுப் போட்டேன். 0.816497. சமர்த்தாக வந்தது.

வேலைக்குப் போன பிறகுதான் தெரிந்தது, இதே தலைவலிக்கு வெல்ஃபோர்ட் என்பவர் 1962-இலேயே ஒரு வழி எழுதி வைத்திருக்கிறார். ஒரே லூப்தான். எண் வர வர சராசரியையும் விலக்கத்தையும் சேர்த்தே திருத்திக்கொண்டு போவார், பெரிய வர்க்கங்களைக் கூட்டுவதே இல்லை.

ரெக்கார்டு நோட்டு இன்னும் வீட்டுப் பரணில் இருக்கிறது. பக்கத்தின் முன்புறம் 35, 40, 45, சிவப்பு மையில் கையெழுத்து. பின்புறம் பென்சிலில் -4.